கேட்காமல் விட்ட ஒருத்தி

காயத்ரிக்கு வேடந்தாங்கல் பக்கம் ஊர். செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. பாடம் நடத்துகிறாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது கேஸ் ஸ்டடி முறை. ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது, ஏன் ஜெயிக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கிற வேலை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்த சுதாகர் அதற்கு வாகாக அமைந்தான்.

பேசத் தெரிந்தவன். மூன்று நாள் உட்கார்ந்து பேசினான். எந்தப் படகில் எடுப்பது, எதை ஒதுக்குவது, எல்லாம் தன் மூளைதான் என்றான். அவனுடைய அக்கா தமிழரசி அதே ஷெட்டில் ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் அடுக்கிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கியபடி, "கண்ணு மங்குன மீனை அனுப்பாத, திருப்பி வுட்ருவேன்" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். காயத்ரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு சரி. நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

வழிகாட்டியான சுப்புராமன் சார் வரைவைப் படித்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆள் சொன்னதா இருக்கேம்மா. கூட இருக்கறவங்க, மீன் வாங்கறவங்க, நாலு பேரைக் கேட்டு ஒத்துப் பாத்தியா?" என்றார்.

"பாத்துட்டேன் சார்."

பொய்தான். ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்தே நாள் பாக்கி இருந்தது.

பட்டம் கிடைத்தது. கல்லூரி அந்தக் கேஸைச் சின்னப் புத்தகமாகவே போட்டது. சுதாகர் சம்மதித்ததால் பெயரை மாற்றவில்லை. ஐந்து வருஷம் அதைத்தான் வகுப்பில் நடத்தினாள்.

போன மாசியில் துர்காதேவி என்ற மாணவி எழுந்து, "இப்போ அந்தத் தொழில் எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டாள். காயத்ரிக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சனிக்கிழமையே பஸ் ஏறினாள்.

ஷெட் பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு போனால், மீன் மார்க்கெட்டில் கூலிக்கு மீன் அரிந்துகொண்டிருந்தாள் தமிழரசி.

"வா மேடம். சுதாகரைத் தேடிகினு வந்தியா? அவன் ஒரகடத்துல கம்பெனி பஸ் ஓட்டிகினுகீறான்."

"தொழில் என்னாச்சுக்கா?"

"மூடி மூணு வருசமாவுது." கத்தி நிற்கவில்லை. "கூட்டாளின்னு என் பேரையும் போடுடான்னேன். ஊர்ல பெரியவங்க முன்னாடி உன் புக்கைத் தூக்கினு வந்துட்டான். 'காலேஜே எழுதிகீது, எல்லாம் நான்தான். இவ பேரு எங்கனா கீதா?'ன்னான். முழுசா படிக்கச் சொல்லிக் கேட்டேன். இல்ல."

அன்றைக்கே அவள் விலகிவிட்டாள். எந்தக் கரையில் யாரிடம் நல்ல மீன் என்பது அவளுக்குத்தான் அத்துப்படி. ஆறே மாதத்தில் ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டன.

"நான் பண்ணது தப்புக்கா" என்றாள் காயத்ரி.

"அவன் பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? ஆனா மூணு நாள் வந்துகினு இருந்தியே, என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஊர் திரும்பியதும் சுப்புராமன் சாருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள். அவர் "திருத்தி எழுது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பழைய புத்தகத்தைக் கல்லூரியில் சொல்லித் திரும்பப் பெற வைத்தாள். தமிழரசி, படகுக்காரர்கள், ரிசார்ட் சமையல்காரர்கள் என்று பதினோரு பேரிடம் பேசி மறுபடி எழுதினாள். ஐப்பசியில் அது அச்சாகி வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

தமிழரசி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சரியாத்தான் போட்டிருக்க. இப்ப இத வச்சி நான் இன்னா மேடம் பண்றது?"

அக்காவும் தம்பியும் இன்றுவரை முகம் பார்த்துப் பேசுவதில்லை.