மாம்பலம் ஸ்டேஷன் சுமைதாங்கி

மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கரண்ட் ரயில் வரப்போகிறது என்று இடித்துக் கட்டிக்கொண்டிருந்த வருஷம், எனக்குக் கல்யாணமாகிப் புதிது. ஏரியைத் தூர்த்து வீடு எழுப்பின பக்கமெல்லாம் நான் மீன் விற்றிருக்கிறேன். மயிலாப்பூர்க் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு நடையாகவே போவோம், நானும் என் ஓர்ப்படியும். என் கூடை எப்போதும் அவள் கூடையைவிடப் பெரியது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்க இப்போது யாரும் இல்லை, அது வேறு.

ஸ்டேஷன் வாசலில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கப் போட்டிருக்கும். கழுத்து உயரம். ஈரக் கூடையைத் தனியாக இறக்க முடியாது. இரண்டு பேர் தலையிலும் சுமை இருந்தால் முதல் கூடையை இறக்க மூன்றாவது ஆள் வேண்டும். அந்தக் கல் இருந்ததால் யார் தயவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. முழங்காலைச் சற்று மடக்கினால் கூடை தானே நகர்ந்து கல்மேல் உட்கார்ந்துகொள்ளும். ரயிலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அங்கேயே விற்றுவிடுவோம். அப்போது என் வீட்டுக்காரர் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். என் கூடையை நம்பித்தான் வீட்டில் உலை.

ஒரு நாள் போனால் கல்லைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. பக்கத்தில் தொப்பியோடு ஓவர்சியர்.

"இன்னா சாமி இது?" என்றேன்.

"பஸ் வந்து திரும்பற இடம்மா. கல்லை நாளைக்கு எடுத்துடுவோம்."

"கல்ல எட்த்துட்டா கூடைய எங்க வைக்கறது? உன் தொப்பி மேலயா?" என்றாள் ஓர்ப்படி.

"யார்கிட்டயாவது இறக்கி விடச் சொல்லு."

"மீன் கூடைய எவன் தொடுவான்? நீ தொடுவியா?"

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயந்திரம் வேலையாட்கள் போனபிறகு மஞ்சளும் குங்குமமும் வாங்கிவந்தோம். அது என் யோசனை. ஓர்ப்படி கடைசிவரை தன் யோசனை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, வேப்பிலை செருகிக் கற்பூரம் ஏற்றினோம்.

காலையில் கூடைகளோடு வந்து பார்த்தால், கடப்பாரை பிடித்த ஆட்கள் பத்தடி தள்ளி நிற்கிறார்கள்.

"வயித்துப் புள்ளையோட செத்துப் பூட்டவ பேர்ல வச்ச கல்லு நைனா," என்று மேஸ்திரி ஓவர்சியரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "இப்ப அம்மனாவே வந்து குந்திகினு கீறா. என் பொண்டாட்டி முழுகாம கீது. நான் கை வைக்க மாட்டேன்."

ஓவர்சியர் கத்திப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில், பஸ் கல்லைச் சுற்றியே திரும்பட்டும் என்று விட்டுவிட்டார்.

ஜெயித்தாயிற்று என்று நான் கல்லருகே போய் முழங்காலை மடக்கினேன். மேஸ்திரி ஓடிவந்து மறித்தான்.

"இன்னாம்மே, அம்மன் தலைல கவுச்சிய வைக்கிற?"

அப்போதுதான் உறைத்தது. கல்லைக் காப்பாற்றிய காப்பாற்றலில் இனி அதன்மேல் கூடை வைக்க முடியாது. ஓர்ப்படி சிரித்த சிரிப்பில் அவள் கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீன் கீழே விழுந்தன.

கூடைப் பாரத்தில் எனக்குக் கழுத்து வலித்தது. கெஞ்சுவது என் வழக்கமில்லை. நேராக ஓவர்சியர் முன்னால் போய் நின்றேன்.

"யார்கிட்டயாவது எறக்கி வுடச் சொல்லுன்னியே சாமி. உன்கிட்டதான் சொல்றேன்."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அம்மனைப் பார்த்தான்.

"சொம்மா நிக்காத. கழுத்து போவுது."

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கூடையைப் பிடித்தார். மீன் தண்ணீர் முழங்கை வழியாக அவருடைய வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. பிறகு ஓர்ப்படியின் கூடையை நான் இறக்கினேன்.

மறுநாள் போனபோது, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, அம்மனுக்கு எதிரில், இரண்டு தண்டவாளத் துண்டுகளை நட்டு மேலே ஒரு பழைய ஸ்லீப்பர் கட்டையைப் போட்டிருந்தார்கள். சரியாகக் கழுத்து உயரம். ஓவர்சியர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கூடையை இறக்கிவிட்டு ஓர்ப்படி இடுப்பிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தாள்.

"அத உள்ள வைடி," என்று கையைத் தட்டிவிட்டேன்.