பின்னுக்கு ஐந்து, முன்னுக்கு எழுபது

கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவது இளவட்டங்களின் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டை அலறவிட்டுக்கொண்டு றோட்டில் உறுமிப் போகிறவர்களுக்கு அது வேண்டும், எனக்கென்னத்துக்கு? ஐம்பத்தெட்டு வயதில், நாங்கள் குடியேறிய நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு கராஜ் வாசலில் நின்று எந்தக் கறுப்பு எந்தக் கறுப்போடு சேரும் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், போங்கோ விசர்க்கதை கதைக்காமல் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த வருடம் பனி கரையும் காலத்தில் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் பாதிதான் சொல்வழி கேட்டன. நாக்கும் புரண்டது. இருபத்தைந்து வருடம் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிய லொறி ஓட்டிய மனிதர். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் கார் தரிப்பிடத்தில் ஆண்கள் வட்டமாக நிற்கும்போது முதலில் கேட்பது அவருடைய குரல்தான். நான் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப் போவேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்தவரின் கார் நின்றால் கண்ணாடியில் நெற்றியை முட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து, உள்ளே யார் என்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிறு அப்படித்தான் ஒருவர் வந்து பார்த்தார். என் கணவர் முன் சீற்றில் இருந்தபடி அவருக்கு ஏதோ சொன்னார். எனக்கே அது விளங்கவில்லை. வந்தவர் "ஓம் அண்ணை, ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை என் கணவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மனுசனுக்கு வெட்கமாக இருக்கிறது, இனி ஒருவரும் இவரை எட்டிப் பார்க்கக்கூடாது என்று நான் அன்றே முடிவு கட்டினேன். அவரைக் கேட்கவில்லை. நான் ஒன்றை முடிவெடுத்தால் அதற்கு மேல் யாரையும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கராஜ்காரர் மன்னார்ப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"நாலு கதவுக்கும் ஒரே கறுப்பு ஒட்டவேணும் தம்பி. உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றேன்.

"ஆரையும் கடத்தப் போறியளோ அக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டு அவர் ஒரு வளையத்தில் கோர்த்த மாதிரித் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண். ஐந்து, இருபது, முப்பத்தைந்து, ஐம்பது, எழுபது.

"நூறு பங்கு வெளிச்சத்தில எத்தினை பங்கு உள்ளுக்கு வரும் எண்ட கணக்கு இது. நம்பர் குறையக் குறைய இருட்டு. ஆனா முன் கதவு ரெண்டுக்கும் எழுபதுக்குக் கீழ ஒட்டேலாது, இங்கத்தைச் சட்டம். பொலிஸ் கண்டா மறிப்பான். பின்னுக்கு உங்கடை விருப்பம்."

எழுபதைத் தூக்கிப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் போல இருந்தது. அதை ஒட்டினாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று.

"அப்ப அவரைப் பின்னுக்கு இருத்துறன். பின்னுக்கு ஐஞ்சைப் போடுங்கோ" என்றேன். கராஜ்காரர் சுவரோரக் கதிரையில் ஊன்றுபொல்லோடு இருந்த என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

இனித்தான் தலையிடி. ஐந்தும் எழுபதும் ஒரே நிறத்தின் இருட்டும் வெளிச்சமுமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கார் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஒரு வகை மண்ணிறம் அடித்தது, ஒரு வகை பச்சை அடித்தது, ஒன்று வெறும் புகை நிறம். கடை வெளிச்சத்தில் எல்லாம் ஒன்று போலவே தெரிந்தன. எனக்கு நம்பிக்கை இல்லை. துண்டுகளை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, சோடி சோடியாக மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"சீலைக்குச் சட்டைத்துணி பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்" என்றார் கராஜ்காரர்.

"பின்னை? ஒட்டினாப் பிறகு கழட்டி எறியேலுமே?"

ஒரு மணித்தியாலம் நின்று புகை நிறத்தைத் தெரிவு செய்தேன். வேலை முடிந்து கார் வெளியே வந்தபோது, பொய் சொல்லக்கூடாது, பெருமையாக இருந்தது. அவரைப் பின்னால் இருத்திக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் நெற்றியை முட்டி, இரண்டு கையாலும் மறைத்துப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. "ஒண்டும் தெரியேல்லை!" என்று தெருவில் நின்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் பின் சீற்றுக்காரர், நான் டக்சிக்காரி. உடற்பயிற்சிக்கும் மருந்துக்கடைக்கும் சந்தைக்கும் அப்படித்தான் போய்வந்தோம். ஞாயிறு பூசைக்கு நான் தனியே போனேன். அவருக்குப் பூசையை ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஒரு மாதம் கழித்து ஜான்-டலோன் சந்தைக்குப் போயிருந்தோம். நான் கத்தரிக்காய்ப் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் கோயில் செபமாலைக் கூட்டத்தை நடத்துகிற அக்கா எதிரே வந்தார். முன் சீற்றை எட்டிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"அண்ணையைக் காணவே கிடைக்கேல்லை. எப்பிடி இருக்கிறார்?"

"வீட்டிலதான் அக்கா. படுக்கைதான்."

என் நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. என் கணவர் ஒரு முழத் தூரத்தில், நான் தேடித் தேடி ஒட்டுவித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். "மாதாவே!" என்று அந்த அக்கா நெஞ்சில் கைவைத்தார். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். நான் காரை எடுத்தேன். கண்ணாடி பூட்டியிருந்ததால் அவருக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனி மத்தியானம் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்னால் எங்கள் கோயில் சுவாமியார், கையில் பரிசுத்த எண்ணெய்ச் சிமிழ். பின்னால் அந்த அக்காவும் நாலு பெண்களும். ஒருவர் கையில் மெழுகுதிரி, ஒருவர் கையில் கஞ்சிப் போத்தல், எல்லோர் கையிலும் செபமாலை. ஒருவர் வரும்போதே அழுதுகொண்டு வந்தார். சாகப்போகிறவருக்கு அவஸ்தை பூச வந்திருக்கிறார்கள்! சாகக் கிடக்கிறார் என்று கோயில் பங்குச் சனம் முழுக்கப் பேசியிருக்கிறது.

சாகக் கிடந்த மனிதர் குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருந்து, நான் உடைத்துக் கொடுத்த நண்டுக்காலை இடக்கையால் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நிலம் வெடித்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. அழுதுகொண்டு வந்தவர் வாயைப் பிளந்தபடி நின்றார். முதலில் சிரித்தது சுவாமியார்தான். "இந்த எண்ணெய் சாகிறவைக்கு மட்டுமில்லை, சுகமில்லாத எல்லாருக்கும்தான். வந்தது வந்திட்டம்" என்றார். என் கணவர் கையைத் துடைத்தார். இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசையில் வைத்து, எண்ணெய் பூச இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். பெண்கள் செபமாலை தொடங்கினார்கள். சின்ன வயது முதல் சொன்ன செபம், அவருடைய புரண்ட நாக்கிலும் அநேகமாகப் பிசகாமல் வந்தது. அன்றுதான் நான் அதைக் கேட்டேன். இத்தனை நாளும் நான் அவரோடு சேர்ந்து இருந்து ஒரு செபமும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே தூக்கி வைத்தார்.

"சந்தையில... நான்... படுத்திருக்கேல்லை."

நான் திரும்பினேன். "உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டுதான்..."

"எனக்கு... வெக்கமெண்டு... ஆர் சொன்னது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு நாளும் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னனீங்களோ?"

"நீர்... கேட்டனீரோ?"

நான் கோப்பைகளை வைத்துவிட்டு அவருக்கு எதிரே இருந்தேன். எனக்குத்தான் வெட்கம். அன்று அந்த மனிதர் விளங்காமல் தலையாட்டியபோது, கார்த் தளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது நான். ஐயோ பாவம் என்று என்னைப் பார்ப்பார்களே என்று பயந்ததும் நான். அவரை ஒளித்து வைத்துவிட்டு, அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். "எனக்குத்தானப்பா வெக்கம்" என்று சொல்லி அழுதேன். அவர் நண்டு மணக்கும் இடக்கையால் என் தலையில் தட்டினார்.

மறுநாள் அவர் தானே முன் கதவைத் திறந்து ஏறினார். பூசை முடிந்தது. கோயில் தரிப்பிடத்தில் ஆண்கள் நின்றார்கள். நான் காரை எடுக்கப் போனேன்.

"கண்ணாடியை... இறக்கும்" என்றார்.

அவர் பக்கத்து விசை வலக்கைப் பக்கம். அந்தக் கைக்கு அது ஏலாது. என் பக்கத்திலிருந்து நான்தான் அழுத்தவேண்டும். அழுத்தினேன். வெளிக்காற்றும் ஆண்களின் சத்தமும் உள்ளே வந்தன. இரண்டு பேர் எங்கள் பக்கம் திரும்பி நடந்து வந்தார்கள்.

"அண்ணை! எப்பிடி இருக்கிறியள்?"

அவர் தொடங்கினார். இரண்டு சொல் வந்தது. மூன்றாவதைத் தேடினார். அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும், என் வாய் நுனிவரை வந்துவிட்டது. வந்தவர்கள் கதவில் கைவைத்துக் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.