நெஞ்சு மாற்றும் மான்

எங்கள் வீட்டுப் புழக்கடையில் மூன்று மாதத்துக்குள் ஐந்து மான்கள் நின்றன. முதல் மானை மாடு தின்றுவிட்டது. நல்ல வேளையாகத் தின்றது எங்கள் மாடு. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் மாடாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கும்.

பஞ்சாயத்து ஆபீசுக்கு டி.வி. வந்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விஜயதசமி சாயங்காலம் எங்கள் ஊர்ப் பெருமாள் குதிரை வாகனத்தில் ஏறி, ஏரிக்கரை வன்னிமரத்தடிக்கு வேட்டைக்கு வருவார். அங்கே வாழைத்தண்டில் செய்த மான் ஒன்று காத்திருக்கும். சாமிக்காக ஒருவர் இருபது தப்படி தள்ளி நின்று அதன்மேல் அம்பு விட வேண்டும். அந்த உரிமை எங்கள் வீட்டுக்கு. மூன்று அம்புகள் கொடுப்பார்கள். ஒன்றாவது மானில் குத்தி நிற்க வேண்டும். நின்றால்தான் அந்த வருடம் ஏரி நிரம்பும் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள்.

தாத்தா இருந்தவரை முதல் அம்பே நின்றுவிடும். மற்ற இரண்டை அவர் கையில் வாங்கியதுகூட இல்லையாம். அவர் காலமான பிறகு வில் அப்பாவிடம் வந்தது. வில் வந்ததே தவிர குறி வரவில்லை. முதல் வருடம் மூன்று அம்புகளும் ஏரிக்குள் போயின. அடுத்த வருடம் ஒன்று வன்னிமரத்தில் நின்றது, ஒன்று மேளக்காரரைக் கும்பிட வைத்தது, மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருடமும் கோயில் ஐயர் மெதுவாக நடந்து போய், ஓர் அம்பைக் கையாலேயே மானில் குத்திவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார். சாமி கண்டுகொள்ளவில்லை. ஊர் கண்டுகொண்டது. "இந்த வருசமும் அம்பு நிக்கலைன்னா, வில்லு உங்க பங்காளி வூட்டுக்குப் போவட்டும்" என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். பங்காளி என்றால் பெரியப்பாதான். "எனக்கென்னப்பா அதுல ஆசை?" என்ற பெரியப்பா, அன்றைக்கே தன் இரண்டு பையன்களின் புஜத்தையும் அமுக்கிப் பார்த்ததை நான் வேலி வழியாகப் பார்த்தேன்.

அப்பாவுக்கு அவமானம் பொறுக்கவில்லை. கோயில் வில்லை வெளியே எடுக்கக் கூடாது என்பதால், மூங்கிலை வெட்டி அதே நீளத்தில் ஒரு வில் செய்தார். ஆறு அம்புகளும் செய்தார். வீட்டுப் பெண்கள் வில்லைத் தொடக் கூடாது என்பது சட்டம். ஆனால் அம்பு பொறுக்கிக் கொண்டுவர ஆள் வேண்டுமே. சின்னப் பெண்கள் பொறுக்கலாம் என்று அப்பாவே சட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

பிறகு மான். சோளத்தட்டையில் கட்டியதைத்தான் மாடு தின்றது. காலையில் போய்ப் பார்த்தபோது நாலு குச்சிக் கால்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. "மாட்டுத் தீவனத்துல மானைச் செஞ்சா மாடு என்னங்க பண்ணும்?" என்றார் அம்மா. இரண்டாவது, கோயிலில் இருப்பதைப் போலவே வாழைத்தண்டில். மூன்றே நாளில் நீர் விட்டு, கறுத்து, நாற்றம் தாங்காமல் அதைக் குப்பைமேட்டில் போட்டோம். மூன்றாவது, மாம்பலகை. அம்பு 'டொக்' என்று போய் ஏறிக்கொண்டது. காலை உதைத்து இழுத்தால் குச்சி மட்டும் கையோடு வந்தது, இரும்பு முனை மானிலேயே தங்கிவிட்டது. அப்படி இரண்டு அம்புகள் போயின. நான்காவது, லாரி டயரை வெட்டிச் செய்தது. அதில் பட்ட முதல் அம்பு அதே வேகத்தில் திரும்பி வந்து, அப்பாவின் காதோரம் போய், அடுப்படி வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தது.

"அடுத்ததா என்னையே நிக்க வெச்சு அடிச்சிருங்க. அதான் மிச்சம்" என்று அம்மா பானை ஓடுகளைப் பொறுக்கினார்.

எனக்கோ தலை கொள்ளாத யோசனை. ஒன்றில் ஏன் ஏறிக்கொள்கிறது, ஒன்றில் ஏன் திரும்பி வருகிறது? ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்ததையெல்லாம் குத்திப் பார்த்தேன். வெல்லம் உடைந்தது. சோப்பு பிளந்தது. புளி உருண்டையில் மட்டும் ஆணி போய் நின்றது, இழுத்தால் வந்தது. புளியில் மான் செய்யலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வருடத்துப் புளியைக் கொட்டை எடுத்து வைத்திருந்த அம்மா என்னைத் துரத்திக்கொண்டு வந்தார்.

அப்போது அத்தைதான் உள்ளேயிருந்து சொன்னார்: "உங்கப்பாவ மெத்தை தெக்கற பாய்கிட்ட கேட்டுப் பாக்கச் சொல்லு."

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஏரியூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்து, இரண்டே வருடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் திரும்பி வந்தார் என்று நான் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தின்ன ஏதாவது கொடுத்துவிடுவார்கள். அதனால் அடிக்கடி கேட்பேன். நல்ல காரியம் எதிலும் அத்தை முன்னால் வந்து நிற்க மாட்டார்.

கடத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பாயின் கடை. அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அம்பை வாங்கி, முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அம்பு போறது முக்கியங்களா, திரும்பி வர்றது முக்கியங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாங்க பாய்."

"அப்ப ரொம்ப கெட்டியும் ஆவாது, மெத்துன்னும் ஆவாது. சாக்கு, தேங்கா நாரு, கிழிசல் துணி, மறுபடி சாக்குன்னு அடுக்கி, ஏறி மிதிச்சு இறுக்கித் தெக்கணும். அம்பு போயி நிக்கும், இழுத்தா வரும், ஓட்டையும் தானே மூடிக்கும்."

"எத்தனை நாளைக்குங்க தாங்கும்?"

"ஒடம்பு வருசக்கணக்கா தாங்கும். நெஞ்சு தாங்காதுங்க. அடி பூரா அங்கதானே வுழும்? அதனால நெஞ்ச மட்டும் தனித் தலகாணியாத் தெச்சுச் சொருகிடறேன். நைஞ்சு போனா அதை மட்டும் உருவிட்டு வேற போட்டுக்கலாம்."

"எங்கப்பா நெஞ்சுல அடிக்க மாட்டாருங்க பாய். காலுல, இல்லைன்னா வாலுல" என்றேன். அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பாய் முகம் மாறாமல், "அப்ப காலுக்கு ரெண்டு சாக்கு சேத்துப் போட்டுடலாம் பாப்பா" என்றார்.

ஒரு வாரத்தில் மான் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார். பார்க்கக் கன்றுக்குட்டி மாதிரிதான் இருந்தது. கொய்யாக் கிளையில் கொம்பு வைத்து, சட்டைப் பொத்தானில் கண் வைத்ததும் ஒருவாறு மானாயிற்று. அப்பா தினமும் பால் கறந்து முடித்ததும் பத்துத் தடவை அம்பு விடுவார். இரண்டு மானில் படும். மீதி எட்டும் பின்னாலிருந்த எருக்குப்பையில் போய்ச் சொருகும். எருக்குப்பைக்கு உயிர் இருந்திருந்தால் முதல் வாரமே போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆச்சரியம். மானின் நெஞ்சுத் தலையணை நைந்து, நார் வெளியே வந்துவிட்டது. அப்பாவின் அம்பு ஒன்றுகூட அங்கே பட்டதில்லை. அம்பு பொறுக்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் துண்டு ஒன்று கொண்டுவந்தேன். அப்பா போட்ட ஓட்டைகளைச் சுற்றியெல்லாம் வட்டம் போட்டு வைத்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால், வட்டமில்லாத ஐந்து புது ஓட்டைகள். ஐந்தும் நெஞ்சில், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற இடத்தில். உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரியப்பா பையன்களாக இருக்குமோ? தாத்தாவே வந்து போகிறாரோ? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் வயிறு வலிக்கிறது என்று புளுகிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் கொல்லைக்காட்டில் களையெடுக்கப் போயிருந்தார்கள். வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை நின்றிருந்தார். வில்லை இழுத்தார். எந்த அவசரமும் இல்லை. அம்பு போய் நெஞ்சில் நின்றது. அடுத்தது அதன் பக்கத்தில் நின்றது. நான் வாயைப் பொத்திக்கொள்ள மறந்து, "அத்தே!" என்று கத்திவிட்டேன்.

அத்தை திடுக்கிட்டுத் திரும்பி, என்னைக் கண்டதும் வில்லை இறக்கினார். "கத்தாதடி. யாருகிட்டயும் சொல்லாத."

"உங்களுக்கு எப்படிங்கத்தே தெரியும்?"

"உங்க தாத்தாவுக்கு அம்பு பொறுக்கினது யாருன்னு நெனச்ச?" என்றவர், மானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பா அம்பை வுடறப்ப மூச்சையும் சேத்து வுடறாரு. அதான் அம்பு குதிக்குது."

"அப்பாகிட்ட நீங்களே சொல்லலாமில்ல?"

"சொன்னா உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாரு. நீ சொல்லு. நீயா கண்டுபுடிச்ச மாதிரி."

மறுநாள் காலையில் சொன்னேன். அப்பா வில்லை இறக்கிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்று சிரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார். அன்றைக்கு நான்கு பட்டன.

அதிலிருந்து தினமும் ஒரு புத்தி சொன்னேன். இடது காலை முன்னால் வையுங்கள். மான் முழுவதையும் பார்க்காதீர்கள், ஒரு பொத்தான் அளவு இடத்தைப் பாருங்கள். முழங்கையைத் தூக்காதீர்கள். கொஞ்ச நாளில் அப்பாவே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். "ஏன் பாப்பா, காத்தடிச்சா என்ன பண்றது?" என்று அடுப்படி வரைக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்பார். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். மறுநாள் சரியாகச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் நிற்கிற என்னிடம் எதற்கு இவ்வளவு சத்தம் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

நைந்த தலையணையை மாற்றக் கடத்தூர் போனோம். "ரெண்டு நெஞ்சு குடுங்க பாய்" என்றார் அப்பா. பாய்க்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லைங்களே! நெஞ்சுலயே பட ஆரம்பிச்சிருச்சுங்களே!"

"ஆமாங்க. நம்ம வூட்டுல நல்லாவே படுது" என்றார் அப்பா. பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

விஜயதசமி வந்தது. ஏரிக்கரை முழுவதும் ஜனம். முன்வரிசையில் பெரியப்பா, புதுச் சட்டை போட்ட இரண்டு பையன்களோடு. அம்மாவின் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் அம்பு மானைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவது மானின் முதுகை உரசிக் கீழே விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. ஐயர் கையால் குத்துவதற்குத் தயாராக நகர ஆரம்பித்தார்.

அப்பா மூன்றாவது அம்பை வாங்கவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அம்மாவைத் தேடுகிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். எங்களை அவர் பார்க்கவே இல்லை. எங்களுக்கும் பின்னால், எல்லோரையும் விட்டுத் தள்ளி, புளியமரத்தடியில் அத்தை நின்றிருந்தார். முழங்கையில் ஏதோ பூச்சி கடித்த மாதிரி அதைத் தொட்டு மெதுவாகக் கீழே தள்ளினார். அப்பா திரும்பிக்கொண்டு அம்பை வாங்கினார். முழங்கையை இறக்கினார். மூச்சைப் பிடித்தார். நானும் பிடித்தேன்.

அம்பு மானின் நெஞ்சில் போய் நின்றது.

ஊரே கத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயர் சாமியின் மேலிருந்த பட்டுத்துணியை எடுத்து அப்பாவின் தலையில் பரிவட்டம் கட்டினார். பெரியப்பாகூட வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். மேளத்தோடு வீடு வரைக்கும் வந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: வீட்டுக்குப் போனதும் அப்பா அந்தப் பரிவட்டத்தை அவிழ்த்து என் தலையில்தான் கட்டுவார். கட்டாமல் என்ன செய்வார்? இவ்வளவையும் சொல்லிக் கொடுத்தது நான்தானே.

அப்பா வீட்டுக்குள் வந்தார். தலையிலிருந்ததை அவிழ்த்து மடித்தார். என்னைத் தாண்டிப் போய், அடுப்படி வாசலில் நின்ற அத்தையின் கையில் வைத்தார். "இதைத் தொவைச்சு வெய்யும்மா" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அது புதுத்துணிங்கப்பா! அழுக்கே இல்லை! எதுக்குத் தொவைக்கணும்? சொல்லிக் குடுத்தது நான், அத்தைக்கு எதுக்கு?" என்று காலை உதைத்து அழுதேன். அம்மா ஓர் அதிரசத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

அழுதுகொண்டே புழக்கடைக்குப் போனேன். அத்தை துவைக்கிற கல்லின் மேல் மானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துணி மடியில் இருந்தது. பக்கத்திலிருந்த வாளி காய்ந்து கிடந்தது. நேராக அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, அத்தை இன்னும் தொவைக்கவே இல்லைங்கப்பா. சும்மா மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"மெதுவாத் தொவைக்கட்டும் சாமி. ஒண்ணும் அவசரமில்லை" என்றார் அப்பா.

இவ்வளவு செல்லம் கொடுத்தால் அத்தை எப்படி வேலை செய்வார் என்று நினைத்துக்கொண்டு நான் அதிரசத்தைக் கடித்தேன்.