பத்தியம் முறித்த விருந்து

புதுச்சத்திரத்தில் அரிசி ஆலைக்காரர் கைலாசத்தின் மனைவி அத்தாயியைத் தெரியாதவர் யார்? ஊரே கம்மஞ்சோறு தின்ற காலத்தில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்றவள். அதுவும் சும்மாவா! எண்ணெய் இஞ்சின் ஆலையில், தவிடு துளியும் ஒட்டாமல் தீட்டிய வெள்ளை வெளேரென்ற அரிசி. அவள் பருக்கப் பருக்க, "ஆலைக்காரம்மா என்ன செழுமை!" என்று ஊர் மெச்சியது. கைலாசத்துக்கும் அதில் பெருமைதான்.

அந்த உடம்பைச் சுமந்து மூச்சு வாங்கியவளுக்கல்லவா கஷ்டம் தெரியும்! காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சேலத்துக்குப் போனார்கள்.

"சர்க்கரை வியாதிம்மா" என்றார் டாக்டர். "தீட்டின அரிசியை விட்டுடுங்க. சத்தெல்லாம் தவிட்டோட போயிடுதுன்னு இப்ப ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க. கம்பு, ராகி, கீரை, பயறு, எல்லாம் அளவாத்தான். உடம்பு இளைக்கணும். இல்லேன்னா காலை எடுக்க வேண்டி வரும்."

மறுநாளே அத்தாயி கம்பு இடிக்கச் சொன்னாள். வாய்க்கு ருசிக்கவில்லைதான், ஆனால் மெல்ல மெல்ல உடம்பு வற்றியது. புண்ணும் ஓரத்தில் காயத் தொடங்கியது. ஒருநாள் தோட்டத்துக் கிணறு வரைக்கும் உட்காராமல் நடந்துபோய் வந்தாள். அடடா, அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம்!

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஆலைக்காரர் ஊட்லயே அவங்க அரிசியத் திங்கறதில்லையாமா!" என்று சந்தையில் ஒருவன் கிளப்பிவிட்டான். "பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லாமப் போச்சாட்ட இருக்குது" என்றான் இன்னொருவன். நெல் ஏற்றி வந்த வண்டிகள் நாமக்கல் ஆலைகள் பக்கம் திரும்பின. அவர்கள் நாக்கில் இடி விழ!

கைலாசத்தின் அக்கா சௌந்திரம் சேதி கேட்டு ஓடி வந்தாள். "பத்தியம்னா ஒரு மண்டலம் சாமி. அது முடிஞ்சு எத்தன நாளாச்சு? கோழியடிச்சு, நெல்லுச்சோறு போட்டு முறிக்கோணுமில்ல?"

"இது பத்தியமில்லீங்க நங்கையா. ஆயுசுக்கும் இப்படித்தான்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள் அத்தாயி நாத்தனாரிடம்.

"ஆயுசுக்கும் பத்தியமா? எந்த ஊர்ல இருக்குது இந்தக் கூத்து!"

அத்தாயி புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா புள்ள? ஆலை நின்னா அத்தன குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துரும். ஒரே ஒரு நேரம், நாலு பேரு பாக்கத் தின்னுரு."

"ஒரு நேரத்தோட உடுவாங்களாங்க?"

ஆலையில் கூலிக்கு நின்ற பெண்களின் முகங்கள் அவள் கண்முன் வந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

வெள்ளிக்கிழமை விருந்து. அத்தாயியை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். நெய் வழியும் சோறு, கோழிக் குழம்பு, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். அவள் எடுத்த ஒவ்வொரு கவளத்தையும் பந்தியே வேடிக்கை பார்த்தது. "இன்னொரு கை வையுங்க" என்று சௌந்திரம் ஏவ, கைலாசமே பரிமாறினான். பத்தியம் முறிந்தது என்று எல்லாரும் நிறைவாக ஏப்பம் விட்டார்கள்.

மறுநாள் வண்டிகள் வந்தன. அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார், அதற்கடுத்து நெல் வியாபாரிகள். வந்தவர் எல்லாருக்கும் ஆலைக்காரம்மா தங்கள் கண்ணெதிரில் நெல்லுச்சோறு தின்ன வேண்டும். காய்ந்த புண் மறுபடி கசிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்ந்தால் அத்தாயி தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். ஒருநாள் கைலாசம் பொறுக்காமல் கேட்டான். "கால் நோகுமே, எதுக்குப் புள்ள இப்படிச் சுத்தற?"

"கால் இருக்கறப்பவே நடந்துக்கறேனுங்க" என்றாள், நிற்காமல்.