குப்புறப் படுக்கும் சகலை

காலையில் எழுந்ததும் என் சகலை வாசலுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்கிறார். ஆள் ஆறடி, பஸ் ஓட்டும் உத்தியோகத்தில் சேர்த்த தொப்பை வேறு. கன்னத்தைத் தரையில் அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புல்லின் அடியில் பச்சை தெரிகிறதா என்று பார்க்கிறார். புதிதாக வந்த பேப்பர்காரர் ஒருநாள் ஆள் மயங்கிக் கிடப்பதாகப் பதறி, முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டார். இவர் எழுந்திருக்கவே இல்லை. "அப்படியே இந்தப் பக்கமும் கொஞ்சம் தெளிங்க" என்று புல்லைக் காட்டினார்.

எதிர்வீட்டில் குடியிருப்பதால் இந்தக் கூத்தெல்லாம் எனக்கு இலவசம்.

அவர் வாசலில் வளர்க்கும் புல்தரையைப் பெரிய மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான். ஆனால் வெயில் காலத்தில் பார்க்க வேண்டும்! நாமெல்லாம் மின்விசிறிக்கு அடியில் சுருண்டு கிடக்கும்போது அந்தப் புல்லுக்குக் கொண்டாட்டம். அனல் அடிக்க அடிக்க நாலாபுறமும் ஓடும். அதன்மேல் நிழல் விழுந்தால் சகலைக்குப் பொறுக்காது. பக்கத்து வீட்டுக் கயிற்றில் காயும் போர்வைகளைச் சூரியன் நகர நகரத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். அந்த வீட்டு அம்மா தன் துணியைத் தேடி எங்கள் மாடிவரை வந்திருக்கிறார்.

குளிர் வந்தால்தான் வினை. புல் மொத்தமும் வைக்கோல் நிறமாகிவிடும். "செத்துப்போகலங்க, தூங்குது. மெதுவாப் பேசுங்க" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் அடக்குவார். இந்த வருஷம் குளிர் கூடுதல். மனுஷருக்கு மனசு கேட்கவில்லை. அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், விருந்தாளிகளுக்கென்று பீரோவில் பூட்டி வைத்திருந்த புதுக் கம்பளியை எடுத்துப் புல்லுக்குப் போர்த்திவிட்டார். காலையில் அதை எடுக்க மறந்து டூட்டிக்கும் போய்விட்டார். சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் ஒரு தெருநாய் அதில் குட்டிகளோடு குடித்தனம் வைத்துவிட்டது.

அண்ணி ஆடித் தீர்த்துவிட்டார். குளிர் போயும் புல் வைக்கோலாகவே கிடந்ததும் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார். "குளிரு போயும் இன்னும் எந்திரிக்கல. இதுக்குப் பேரு தூக்கமா? ஞாயித்துக்கிழமை கொத்தனார் வர்றாரு. சிமெண்டுக் கல்லு பதிச்சு ஸ்கூட்டர நிறுத்தப் போறேன்!"

அதிலிருந்து சகலைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ நிறையக் கல்லோடு கொத்தனார் வந்து மண்வெட்டியை ஓங்கினார். சகலை குறுக்கே போய் நின்றார். "ஒரே ஒரு பிடி பேத்துப் பாருங்கண்ணே. உள்ள காஞ்சிருந்தா உங்க கல்ல நானே தூக்கித் தர்றேன்." நெரிசலில் பஸ்ஸை வளைத்து எடுக்கும் கை, வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டிருந்தது.

கொத்தனார் ஒரு கொத்தைப் பெயர்த்துக் குழாயடியில் அலசினார். மேலே வைக்கோல்தான். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை, ஈரமாக. கணுவில் அரிசி நுனி அளவுக்கு ஒரு முளை எட்டிப் பார்த்தது. நான் வேறு விவஸ்தை இல்லாமல் கை தட்டிவிட்டேன்.

அண்ணி கொத்தனாரைப் பார்த்து, "நின்னு வேடிக்க பாக்கறீங்களே, தோண்டின எடத்துல திரும்ப வச்சு அமுக்குங்க. வேரு காத்தாடக் கெடக்கு" என்று அதட்டினார்.

"அப்ப இந்தக் கல்ல என்னம்மா செய்யறது?"

"வந்த வழியப் பாத்துப் போகட்டும்."

டெம்போ கிளம்பும்வரை சகலை வாசலில் விறைப்பாக நின்றார். அது நகர்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, அதன் முதுகில் ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டி, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "ரைட்! ரைட்!"