ஊர் திரும்பிய கிளப்

சவுதியில தம்மாம்ல நான் டிரைவர். காலிங் கார்டு சுரண்டி ஊருக்குப் பேசுன காலம் அது. ஒரு கால்பந்து கிளப்போட நிர்வாகிதான் எனக்குக் கஃபீல், விசா கொடுத்த முதலாளி. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் எக்ஸிட் அடிப்பாங்க, அது இல்லாம நாட்டைவிட்டு நகர முடியாது. ஊர்ல மனைவிக்கு நிறைமாசம். பிரசவத்துக்கு வந்திருவேன்னு ஃபோன்ல வாக்குக் கொடுத்திருந்தேன். லீவு கேட்டாலே, கிளப் கோச்சுக்கு வண்டி யாரு ஓட்டுறதும்பார் கஃபீல்.

அந்தக் கோச் ருமேனியாக்காரர். மைதானத்துக்குப் போற வழியெல்லாம் உடைஞ்ச இங்கிலீஷ்ல, தான் முன்னே ஆடுன கிளப்போட கதைதான். பல்கலைக்கழகத்துப் பையன்களும் பேராசிரியர்களும் சேர்ந்து ஆரம்பிச்சதாம். வழுக்கை விழுந்தவன் ஆடுனாலும் ஜனங்க ‘ஸ்டூடன்ட்ஸ்’னுதான் கத்துவாங்களாம். ரெண்டாம் உலக யுத்தத்துல அந்த ஊர் பக்கத்து நாட்டுக்குப் போயிருச்சாம். பல்கலைக்கழகத்தோட கிளப்பும் வேற ஊருக்குக் கிளம்பி, யுத்தம் முடிஞ்சதும் திரும்பி வந்துச்சாம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு கிளப்பே மூட்டை முடிச்சோட போய்த் திரும்பியிருக்கு, ஒத்தை ஆளு எனக்கு வழியில்லையா?

அவருக்கும் எக்ஸிட் கஃபீல் கையிலதான். வேலையை விடுறேன்னு எழுதிக் கொடுத்தார், கிழிச்சுப் போட்டாங்க. அப்புறம் டீம் வரிசையாத் தோத்துச்சு. கோச்சைத் துரத்திவிட்டாங்க, அன்னைக்கே எக்ஸிட்டும் வந்துருச்சு. இனி கோச் இல்லையே, லீவு கிடைக்கும்னு கஃபீல்கிட்ட ஓடினேன். புது கோச் அடுத்த வாரம் வர்றார், உன்னை மாதிரி டிரைவர் எனக்குக் கிடைப்பானான்னு தோள்ல தட்டினார்.

ஏர்போர்ட் போற வழி முழுக்க கோச் விசிலடிச்சுக்கிட்டே வந்தார். எனக்கு வயிறு எரிஞ்சுது. பெட்டியை இறக்கிக் கொடுத்தப்போ சொன்னார்: “நீ நல்லா ஓட்டுறே, அதுதான் உன் தப்பு. தோத்தவனைத்தான் இங்கே அனுப்புவாங்க.”

நேரா கஃபீல் வீட்டுக்கு வந்தேன். அவர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். அவர் கண்ணெதிரிலேயே வண்டியைக் கேட் தூண்ல கொண்டுபோய் மோதினேன். முன்பக்கம் அப்பளமா நொறுங்கிருச்சு. திட்டட்டும், அடிக்கட்டும், ‘கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, ஊருக்குப் போ’ன்னு துரத்தட்டும், சாமி, அது போதும்னு ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். அடிபட்டுச்சான்னு என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து தண்ணி கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே கொடுத்தார். வண்டி கிடக்கு, நீ நல்லாயிருக்கேல்ல, அது போதும்னார்.

மன்னிச்சுத் தொலைச்சார் மனுஷன். மகள் பிறந்த செய்தி வந்தப்போ, புது கோச் பேரெழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நான் ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டிருந்தேன்.