பலா மரத்தைச் சுற்றிப் போன பாதை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். டவுன்ஷிப் சிவில் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு அது கூடவே வருகிற வியாதி. குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சாக்கடை அடைத்தாலும் என்னைத்தான். அதனால் எங்கள் பிளாக்கின் பின்பக்கம் புதிதாக நடைபாதை போடும் வேலை வந்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான். உடைந்ததையே ஒட்டிக்கொண்டிருந்த கைக்குப் புதிதாக ஒரு வேலை!

வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே போனோம். எங்கள் ஊரில் ரோடு, பிளாக், வேலி எல்லாமே ஸ்கேல் வைத்துப் போட்டவை. இந்தக் கோடும் நேராகப் போய் ஒரு பலா மரத்தின் மேல் முட்டியது. வரைந்தவர் பழைய லேஅவுட்டைப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்தத் தாளில் மரமே இல்லை.

அது பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா வைத்த மரம். அக்காவுக்கு ஸ்டோரில் வேலை. அந்தப் பங்குனியோடு ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். பண்ருட்டிப் பழத்தின் கொட்டையை வேலிக்கு வெளியே ஊன்றி, எட்டு வருஷம் துணி அலசிய தண்ணீரை ஊற்றி வளர்த்திருந்தார். அந்த வருஷம்தான் முதல் முறையாக நாலு பிஞ்சு விட்டிருந்தது. மரத்தடியில் சுண்ணாம்பைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"தம்பி, நான் போறவரைக்குமாவது இதைத் தொடாதீங்க. வெட்டுறதைப் பார்த்துட்டுப் போக என்னால முடியாது."

நேரே இன்ஜினியரிடம் போய்க் கத்தினேன். அவர் என்னைவிட இளையவர், என் கத்தலுக்குப் பழகியவர்.

"வளைச்சுப் போடலாம் சார். ஆனா வளைவு பார்க்க லட்சணமா இருக்கணும், அகலமும் குறையக் கூடாது. நாளைக்குக் காலையில மார்க்கிங் போட்டுக் காட்டுங்க. சரியா வரலைன்னா நேராத்தான் போகும்."

விடிந்ததும் கயிறும் முளைக்குச்சியுமாக இறங்கினேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் குழாயை மடக்கும் எல்போ மாதிரி வெடுக்கென்று மடங்கி நின்றது. பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து கான்ட்ராக்டில் மண் சுமக்க வரும் அம்மா, தலையில் இருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், அழிச்சி அழிச்சிப் போட்டுகினே இருக்கீங்க? தினம் வாசல்ல கோலம் போடுறவங்களைக் கூப்பிடுங்க சார்!"

சுருக்கென்று கோபம் வந்தது. அட, சரிதானே என்று உடனே தோன்றவும் செய்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். கயிற்றைத் தொடவே இல்லை. சுண்ணாம்புத் தூளைக் கை நிறைய அள்ளி, குனிந்தபடி பின்னால் நடந்துகொண்டே விட்டார். மரத்துக்கு வெகு முன்னாலேயே கோடு மெல்ல ஒதுங்கி, சுற்றிப் போய், மறுபடி நேருக்கு வந்து சேர்ந்தது. வடக்குத்து அம்மா பாதை அகலத்துக்கு வெட்டிய ஆறடிக் குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கூடவே நகர, எதிர்க் கோட்டையும் அதே வீச்சில் இழுத்தார். கோடு எங்கேயும் பிசகவில்லை.

இன்ஜினியர் வந்தார். டேப் வைத்து அகலத்தை அளந்தார். அந்தக் கோடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"இப்படியே போட்டுடுங்க சார்."

வடக்குத்து அம்மா விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டார்! நான் வயதை மறந்து கை தட்டினேன். அக்கா சிரித்தார், அழுதார், எல்லோருக்கும் காபி போட உள்ளே ஓடினார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் பெர்மனன்ட் ஆர்டர் வந்த அன்றுகூட இல்லை.

மாதக் கடைசியில் அக்கா குவார்ட்டர்ஸை ஒப்படைத்தார். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் வேலைதான். ஃபேன், குழாய், தாழ்ப்பாள் என்று படிவத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். சாவியைக் கொடுத்த பிறகும் அக்கா நகரவில்லை.

"தம்பி, மரத்தையும் எழுதிக்குங்க."

படிவத்தில் மரத்துக்குக் கட்டமே கிடையாது. போதாக்குறைக்கு அது வேலிக்கு வெளியே வேறு இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும் என்று கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: 'பலா மரம் ஒன்று, காய்ப்புடன், நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.'

அக்கா இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.